‘வேண்’ என்று நின்ற விரல்

விடை தெரிந்தவர்கள் கதை முடியும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள். அவசரப்பட்டு வாயைத் திறந்தவர்களால் வந்த வினையைத்தான் சொல்லப்போகிறேன்.

செண்பகவல்லிக்குப் பேச்சு வராது. காது நன்றாகக் கேட்கும், புத்தியோ படு கூர்மை. மடியில் ஓர் எழுத்துப் பலகை. அதில் எழுத்தெழுத்தாக விரல் வைப்பாள். பக்கத்தில் இருப்பவர் கூட்டி உரக்க வாசிக்க வேண்டும். சொல்லி முடித்ததும் விரல்களை மடக்கிக்கொள்வாள். அதுதான் அவளுடைய முற்றுப்புள்ளி. இப்படிப் பலகையாலும் கருவியாலும் பேசுகிறவர்கள் சங்கம் வைத்து அவளைத் தலைவியாக்கினார்கள். கூட்டம் நடத்தவும் அதிகாரிகளை எதிர்கொள்ளவும் நகர நூலகக் கூடத்தில் ரோஸ்லின் டீச்சர் பயிற்சி கொடுத்தார். அவர் போட்ட விதி ஒன்றே ஒன்று: பலகை பேசும்போது வேறு யாரும் பேசக் கூடாது.

விதி போடுவது சுலபம். நம் ஆட்களுக்கு வாய் சும்மா இருக்குமா?

ஒருநாள் நகராட்சி ஆணையர் வந்தார். ஊருக்கு வெளியே, புறவழிச்சாலையை ஒட்டிச் சங்கத்துக்குத் தனிக் கட்டடம் தருவதாகவும், நூலகக் கூடத்தைக் காலி செய்துவிட வேண்டும் என்றும் சொன்னார். போனால் சொந்தக் கூரை கிடைக்கும். ஆனால் பஸ் நிற்காத இடம், ஊர்க் கண்ணிலிருந்தே மறைந்துபோவார்கள். தலைவி உடனே பதில் சொல்ல வேண்டுமாம், அவருக்கு அடுத்த கூட்டம் இருக்கிறதாம்.

செண்பகவல்லி விரல் வைக்க வைக்க, சங்கத்தின் செயலாளர் கோமதிநாயகம் வாசித்தார். “எங்களுக்குத் தனிக் கட்டடம் வேண்...”

ஆணையர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கோமதிநாயகத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. “வேண்டும். அவ்வளவுதான் சார், நாங்க தயார்” என்று முடித்து வைத்தார். கூடத்தில் கைதட்டல்.

செண்பகவல்லியின் தம்பி பூவநாதன் துள்ளி எழுந்தான். “எங்க அக்கா மனசு எனக்குத் தெரியாதா? வேண்டாம்னுதான் சொல்ல வந்தா.”

இருவரும் மல்லுக்கு நின்றார்கள். ரோஸ்லின் டீச்சர் விதியை மதித்து உதட்டைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தார். தலைவி தானே சமாளிக்கட்டும் என்பது அவர் எண்ணம். ஆணையர் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். பலகையைப் பார்க்கத்தான் ஆளில்லை. செண்பகவல்லியின் விரல் ‘ண்’ மேல் நீட்டியபடியே இருந்தது. சொல்லும்போதே எனக்கு எரிச்சல் வருகிறது. அவளுக்கு எப்படி இருந்திருக்கும்?

நேரம் போகிறதே என்று முடித்து வைத்த செயலாளரா, மனசு தெரியும் என்று திருத்திய தம்பியா, விதியைக் காத்து வாய்மூடிய டீச்சரா? இதில் யார் செய்தது சரி?

விடை: மூவருமே இல்லை. விரல் மடங்குமுன் செயலாளர் சொன்னதும் ஊகம், தம்பி சொன்னதும் ஊகம். பாசத்தோடு பிடுங்கினாலும் பிடுங்கியது பிடுங்கியதுதான். டீச்சராவது “அவங்க இன்னும் முடிக்கல” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அது அடுத்தவர் பேச்சைப் பேசுவது ஆகாது. சரியாகச் செய்தவள் செண்பகவல்லிதான். பலகையைப் படாரென்று தட்டினாள். கூடம் அடங்கியது. செயலாளரைக் கையால் ஒதுக்கிவிட்டு, ஆணையரையே வந்து வாசிக்கும்படி கை காட்டினாள். அவர் எழுத்துக் கூட்டி உரக்க வாசித்தார்: “எங்களுக்குத் தனிக் கட்டடம் வேண்டுமா என்று எங்களில் யாரைக் கேட்டீர்கள்?” வாசித்த பிறகுதான் அது தன்னைப் பார்த்துக் கேட்ட கேள்வி என்பது அவருக்கு உறைத்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சங்கத்தார் ஒவ்வொருவரும் பதில் சொல்லி முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. நூலகக் கூடம் இன்றும் அவர்களிடம்தான் இருக்கிறது.