ஜம்பப் பட்டம்

கருவேலங்கோட்டை செங்கோட ராசாவுக்கு ஊர்வலம் என்றால் உயிர். எதிர்த்தாற்போல் இருக்கிற கோயிலுக்குப் போகக்கூட யானை வேண்டும், முன்னால் கொம்பு ஊத வேண்டும், மேலே குடை ஆட வேண்டும்.

அப்படிப் போகும்போது மோர் விற்கிற ஆவுடையாள், பானையை இறக்கி வழிவிட்டபடியே, "அடேயப்பா, என்னா ஜம்பம்!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். ராசா காதில் விழுந்துவிட்டது. அரண்மனையில் ஜம்பத்துக்கா பஞ்சம்? அந்த வார்த்தையை மட்டும் அங்கே யாரும் சொன்னதில்லை.

"ஓய், ஜம்பம் என்றால் என்ன?" என்று கேட்டார் ராசா.

கேட்டது யாரை? பக்கத்தில் நடந்து வந்த விகடகவி கூத்தபிரானை. தமக்குத் தெரியாத வார்த்தையே கிடையாது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிற மனுஷர். உள்ளதைச் சொன்னால் மோர்க்காரிக்குச் சவுக்கடி.

"அதுவா மகாராசா? கம்பீரத்துக்கும் மேலே ஒரு படி!" என்று அடித்துவிட்டார்.

"பேஷ்! நாளைக்குச் சபையில் அதையே பட்டமாகச் சூட்டிக்கொள்கிறேன். ஜம்ப மகாராசா!"

கூத்தபிரான் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஊர் சிரிக்கும். ஏன் சிரிக்கிறார்கள் என்று ராசா விசாரித்தால் அடுத்து இவர் தலைதான்.

மறுநாள் கட்டியக்காரன் வாயைத் திறக்கும் முன்னே கூத்தபிரான் தடாலென்று காலில் விழுந்தார்.

"வேண்டாம் மகாராசா! அந்தப் பட்டம் ஏற்கெனவே அடியேனிடம் இருக்கிறது. நான் கட்டிக் கசக்கின வேட்டியைத் தாங்கள் கட்டலாமா?"

"உமக்கு யார் கொடுத்தது?"

"என் சம்சாரம்."

சபை கொல்லென்று சிரித்தது.

"எதற்குக் கொடுத்தாள்?"

"கூழைக் குடித்துவிட்டு, மீசையில் நெய் தடவிக்கொண்டு வாசலில் நின்றேன். 'ஜம்பத்துக்கு ஒண்ணும் குறைச்சலில்லை' என்றாள். இரவல் சரிகைத் துண்டோடு போய் மாமனார் வீட்டில் அதிகாரம் பண்ணினேன். 'உம்ம ஜம்பமெல்லாம் இங்கே சாயாது' என்றாள். நேற்று ராசாவுக்கே ஒரு வார்த்தைக்குத் தப்பாக அர்த்தம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன். 'வெறும் ஜம்பம் அடிச்சே தலையைத் தொலைச்சீரே!' என்று அழுதாள்."

ராசாவுக்கு இப்போது விளங்கிவிட்டது. முகம் சிவந்தது.

"அப்படியானால் அந்த மோர்க்காரி என்னைப் பார்த்துத்தான்..."

"ஐயையோ, இல்லை! என்னைப் பார்த்துச் சொன்னாள். தாங்கள் யானை மேலே சும்மா உட்கார்ந்திருந்தீர்கள். கீழே நடந்து வந்த நானல்லவா, யானையே என் வீட்டு யானை மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தேன்!"

ராசா தம் குடையைப் பார்த்தார். கொம்பைப் பார்த்தார். அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"ஆவுடையாளுக்கு ஒரு கறவை மாடு கொடுங்கள். ஓய், உமக்கு என்ன வேண்டும்?"

"அந்தப் பட்டத்தை அடியேனுக்கே விட்டுவிட்டால் போதும்."

"முழுசாக எப்படி ஐயா விடமுடியும்? பாதி என்னுடையதாயிற்றே!" என்றார் ராசா.