வேழவேந்தன் ஏறிய ஆயிரத்தெட்டுப் படி

மலைகள் கதை சொல்ல, கிளிகள் உம் கொட்டிக் கேட்ட காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் பனிச்சுனை என்று ஒரு நாடு. அதற்கு வேழவேந்தன் என்று ஒரு ராஜா. தங்கமான மனுஷன். கோபம் வராது, பொய் வராது, 'வேண்டாம்' என்ற சொல்லும் வாயில் வராது. வினை அங்கேதான் வந்தது.

எப்படி என்கிறீர்களா? சொல்கிறேன், அவசரப்படாதீர்கள். பனிச்சுனையில் இரண்டு வழக்கம் உண்டு. யார் வீட்டு வாசலுக்குப் போனாலும் கை நனைக்காமல் திரும்பக் கூடாது. திரும்பினால் அந்த வீட்டு அடுப்பையே அவமதித்த மாதிரி. இது ஒன்று. இன்னொன்று, வருடா வருடம் சித்திரைப் பௌர்ணமி அன்று காலையில் ராஜாவைத் தராசில் உட்கார வைப்பார்கள். எதிர்த் தட்டில் அவர் எடைக்கு எடை வெல்லம். அந்த வெல்லத்தை வீட்டுக்கு வீடு பங்கு போடுவார்கள். ராஜாவின் கனம் கூடினால் பிள்ளைகளுக்கு வெல்லமும் கூடும் இல்லையா? அதனால் ராஜா தெருவில் தலையைக் காட்டினால் போதும். ஒரு வீட்டில் அதிரசம், அடுத்த வீட்டில் சீடை, அதற்கடுத்த வீட்டில் நெய் வழியும் பொங்கல். பாசமும் இருந்தது, கொஞ்சம் வெல்லக் கணக்கும் இருந்தது. நம் ராஜாதான் மறுக்கத் தெரியாதவர் ஆயிற்றே, எல்லாவற்றையும் சாப்பிட்டார்.

பட்டத்துக்கு வந்த வருடம் எதிர்த் தட்டில் ஒரு மூட்டை வெல்லம் ஏறியது. பத்தாவது வருடம் மூன்று மூட்டை. குதிரை அவரைக் கண்டாலே படுத்துக்கொண்டது. மூன்று படி ஏறினால் மூச்சு வாங்கியது. படுத்தால் மூச்சு முட்டும் என்று உட்கார்ந்தபடியே தூங்கினார்.

அந்தப் பத்தாவது வருடம் தராசுச் சங்கிலி அறுந்தது. ராஜா தொப்பென்று விழுந்தார். விழுந்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளி நின்றிருந்தாள் அவருடைய ஒரே மகள், ஏழு வயது நன்முல்லை. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை, கைகொட்டிச் சிரித்தாள். பயந்துபோன ராஜாதான் அன்றே வைத்தியரைக் கூப்பிட்டார்.

அரண்மனை வைத்தியர் நாடி பார்த்தார். "மகாராஜா, இப்படியே போனா இதயம் தாங்காது. சாப்பாட்டைக் கொஞ்சம் குறைக்கணும், தினம் நடக்கணும். ஒரு வருஷத்துல நல்லா ஆயிடுவீங்க" என்றார்.

"ஒரு வருஷமா? சீக்கிரமா வழி ஏதும் இல்லையா?" என்றார் ராஜா.

அப்படிக் கேட்டதுதான் தாமதம், சபை நடுவே புகை கிளம்பியது. புகைக்குள்ளிருந்து நொடிச்சித்தன் வந்தான். எதையும் ஒரு நொடிக்குள் செய்து முடிக்கும் மாயாவி. பல் தேய்க்கக்கூடப் பொறுமை இல்லாதவன். "ஏன் ராஜா ஒரு வருஷம்? ஒரு 'சரி' சொல்லு. கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள உன் கனத்தை இறக்கிடறேன்" என்றான்.

இறக்கின கனம் எங்கே போகும் என்று கேட்டிருக்க வேண்டும். நீங்களும் நானும் கேட்டிருப்போம். அவர் கேட்கவில்லை. "சரி" என்றார்.

மாயாவி மந்திரக்கோலைத் தட்டினான். ராஜா முருங்கைக்காய் போல ஒல்லியானார். கிரீடம் கழுத்துக்கு இறங்கியது. எல்லோரும் ஆகா என்று எழுந்தார்கள். அப்போது அரசி வடிவாம்பாள் ஓலமிட்டாள். அவள் பக்கத்தில் நின்ற நன்முல்லை கல்லாகியிருந்தாள். சிரித்த வாய் சிரித்தபடி, நீட்டிய கை நீட்டியபடி, தலை முதல் கால் வரை கருங்கல்.

"அப்பன் கனம் பிள்ளை தலையில இறங்கிடுச்சு. வேற எங்க இறங்கும்?" என்றான் நொடிச்சித்தன்.

ராஜா அவன் காலில் விழுந்தார். "என் கனத்தை எனக்கே குடுத்துடு. என் பிள்ளையைக் குடுத்துடு."

"கனத்தைத் தரேன். பிள்ளைய நீயே வந்து கூட்டிட்டுப் போ. கூர்மலை உச்சியில வைக்கிறேன். ஆயிரத்தெட்டுப் படி. உன் சொந்தக் காலால ஏறி வந்து தொட்டா அவ உயிர் பெறுவா. பல்லக்கு ஆகாது, மந்திரம் ஆகாது. அடுத்த சித்திரைப் பௌர்ணமிக்குள்ள வரலைன்னா அவ என்னைக்கும் கல்லுதான், உன் சிம்மாசனமும் எனக்குத்தான்."

அவன் கோலைத் தட்டினான். ராஜா பழையபடி மூன்று மூட்டை ஆனார். ஒரு சூறைக்காற்று கல்லைத் தூக்கிக்கொண்டு மலைப் பக்கம் போனது. அரசி ராஜாவின் முகத்தைப் பார்க்கவில்லை. "என் பிள்ளையக் கொண்டு வாங்க" என்றாள். அதற்குப் பிறகு அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

ராஜாவுக்குப் பொறுக்குமா? அன்றே சோற்றைத் தள்ளினார். ஐந்து நாள் பச்சைத் தண்ணீர் மட்டும். ஆறாம் நாள் மலையடிவாரத்துக்குப் போய் மூன்றாவது படியில் காலை வைத்தார். கண் இருட்டி மயங்கி விழுந்தார்.

கண் விழித்தபோது பாறை மேல் ஒரு வரையாடு நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. செங்குத்துப் பாறையிலும் தெருவில் நடப்பது போல நடக்கிற ஆடு. "என்ன ராஜா, பட்டினி கிடந்தா மலை இறங்கி வந்துடுமா?" என்றது.

ராஜா வீட்டுக்குப் போய், ஐந்து நாள் பசியையும் ஒரே வேளையில் தீர்த்துக்கொண்டார். மறுநாள் வெறி பிடித்தவர் போல ஒரே மூச்சில் எண்பது படி ஏறினார். இரண்டு முட்டியும் பூசணிக்காயாக வீங்கின. பத்து நாள் படுக்கை.

பதினோராம் நாள் தடியூன்றி வந்து அதே பாறையடியில் உட்கார்ந்தார். "ஆடே, நீ எப்படி ஏர்றே?"

"நான் பொறந்ததுலேருந்து ஏர்றேன். நீ இப்பத்தான் ஆரம்பிக்கறே. அதுக்குள்ள என் வேகம் வேணும்னா கிடைக்குமா? நான் சொல்றதைக் கேளு. நேத்தைக்கு மேல நாலு படி. வயிறு நிறைய ஒரு கவளம் இருக்கும்போதே கையைக் கழுவு. அவ்வளவுதான்."

"இவ்வளவுதானா?"

"இதையே தினம் செய்யணும். அதுதான் கஷ்டம்" என்று சொல்லிவிட்டு ஆடு போய்விட்டது.

அன்று ராஜா நாலே நாலு படி ஏறி இறங்கினார். மறுநாள் எட்டு, அதற்கு மறுநாள் பன்னிரண்டு. அரண்மனையில் அரசி பேசாமலே அவருக்கான தட்டை மாற்றினாள். பாதித் தட்டுக்குக் கீரையும் காயும், ஒரு அகப்பை சோறு, பயறு, நீர் மோர். காலையில் கேழ்வரகுக் கூழ். ஒரு கவளம் பாக்கி இருக்கும்போது ராஜா எழுந்து கை கழுவினார். முதல் வாரம் கண்ணில் தண்ணீரே வந்தது. நேத்தைக்கு மேல நாலு படி என்று சொல்லிக்கொண்டு படுத்தார்.

சங்கிலி மாற்றிய தராசில் வாரம் தவறாமல் உட்கார்ந்து பார்த்தார். ஒரு மாதமாகியும் முள் அசையவில்லை. ஏன் அசையும்? அரண்மனைக்கும் மலைக்கும் நடுவே நடுத்தெரு. நடுத்தெருவில் அறுபது வீடு. வீட்டுக்கு வீடு வாசலில் தட்டோடு நின்றார்கள். "பாவம் மகாராசா, பிள்ளையைப் பிரிஞ்சு இளைச்சுட்டாரு" என்று முன்னைவிட இரண்டு பங்கு கொடுத்தார்கள். இவரும் வாங்கி வாயில் போட்டுக்கொண்டே மலைக்குப் போனார்.

முப்பத்தோராம் நாள், முறுக்குச் சுடும் மாரக்காள் இரண்டு அதிரசத்தை நீட்டினாள். ராஜாவின் கை வழக்கம்போல நீண்டது. பாதியில் நின்றது. தெருவே அதைப் பார்த்தது.

"மாரக்கா, இதை நான் வாங்கினா என் பொண்ணு இன்னொரு நாள் கல்லா நிப்பா" என்றார். "உங்க அடுப்பை நான் அவமதிக்கலை. எனக்கு இத்தனை நாளா மறுக்கத் தெரியலை. இன்னைக்கு வேண்டாம், தாயி."

நடுத்தெருவில் அப்படி ஒரு வார்த்தையை யாரும் கேட்டதில்லை. யாரோ ஒரு பெண், "அப்போ வர்ற சித்திரைக்கு வெல்லம் குறைஞ்சு போகுமே" என்று மெல்ல முணுமுணுத்தாள்.

மாரக்காள் திரும்பி அவளை ஒரு பார்வை பார்த்தாள். "குறையட்டும். வெல்லம் இல்லாம எந்தப் பிள்ளையும் கல்லாயிடாது" என்றாள். தட்டை உள்ளே வைத்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கி வந்தாள். "கையில குடுக்க ஒண்ணும் இல்லாம நின்னா எனக்கு என்னமோ மாதிரி இருக்கு. கூட நடந்து வர்றேன் மகாராசா. அதையாவது வாங்கிக்குங்க."

அன்று மாரக்காள் வந்தாள். மறுநாள் அடுத்த வீட்டுக் கொல்லர் வந்தார். ஆடி மாதம் பாதித் தெரு ஏறியது, ஐப்பசியில் தெரு முழுக்க ஏறியது. வழியெல்லாம் பேச்சும் சிரிப்பும்தான். மழைநாளில் படி வழுக்கும் என்று அரண்மனைத் தாழ்வாரத்தையே சுற்றிச் சுற்றி நடந்தார்கள். ராஜாவுக்கு ஒரு நாள் கால் வலித்தால் அன்று ஓய்வு, அடுத்த நாள் விட்ட இடத்திலிருந்து நாலு படி. தராசு முள் இறங்கியது. குதிரை எழுந்து நின்றது. ராஜா காலை நீட்டிப் படுத்துத் தூங்கினார்.

எல்லாம் நன்றாகத்தான் போனது, மார்கழி வரைக்கும். அறுநூறாவது படி தாண்டியதும் தராசு நின்றுவிட்டது. ஒரு வாரம் அசையவில்லை, இரண்டு வாரம் அசையவில்லை, மூன்று வாரம் அசையவில்லை. அதே கூழ், அதே கீரை, அதே நாலு படி. ராஜாவுக்கு மனசு விட்டுப்போனது. காலை வெயிலில் படியில் உட்கார்ந்து தலையைக் கையில் தாங்கிக்கொண்டார். பின்னால் வந்தவர்கள் சற்றுக் கீழே காத்து நின்றார்கள்.

புகை கிளம்பியது. யார் என்று நான் சொல்ல வேண்டுமா?

"பாத்தியா ராஜா, இவ்வளவு பாடுபட்டும் உடம்பு கேக்கலை. இன்னும் முந்நூறு படி இருக்கு. ஒரு 'சரி' சொல்லு. மிச்சக் கனத்தையும் எடுத்துட்டு உச்சியில இறக்கி விட்டுடறேன், நீ பொண்ணைத் தொட்டுக்கலாம். பழைய நிபந்தனையை நானே தளர்த்திக்கிறேன்" என்றான் நொடிச்சித்தன்.

ராஜாவுக்கு ஆசை இல்லை என்று சொன்னால் நான் பொய் சொல்கிறேன். உச்சியில் அந்தக் கறுப்புக் கல் தெரிந்தது. நாக்கு நுனிவரை 'சரி' வந்துவிட்டது. ஆனால் இந்த முறை அவர் கேட்டார். "என் மிச்சக் கனம் எங்கே போகும்?"

"அதெல்லாம் உனக்கெதுக்கு?" என்று மாயாவி வேறு பக்கம் பார்த்தான்.

ராஜா கீழே பார்த்தார். மாரக்காள், கொல்லர், கைக்குழந்தைக்காரி, தடியூன்றிய கிழவர், கடைசியில் யாரோடும் பேசாமல் அரசி வடிவாம்பாள். எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வேண்டாம்" என்றார்.

மாயாவியின் கோலில் ஒரு விரிசல் விழுந்தது. "ஒரே நொடிதான் ராஜா" என்றான். "வேண்டாம்" என்றார். இரண்டாவது விரிசல். "உன் பொண்ணை நினைச்சுப் பாரு." "அவளை நினைச்சுத்தான் சொல்றேன், வேண்டாம்" என்றார். கோல் மூன்று துண்டாகி உருண்டது. இத்தனை காலம் அவனிடம் மூன்று முறை மறுத்தவர் யாரும் இல்லை. அடுத்தவர் அவசரம்தான் அவனுக்குச் சோறு. அது கிடைக்காததால் மாயமெல்லாம் வற்றி வெறும் ஆளாக நின்றான். மறைய முடியவில்லை, பறக்க முடியவில்லை. வேறு வழியில்லாமல் எழுநூறு படியையும் நடந்தே இறங்கினான். பாதியில் மூச்சு வாங்கி உட்கார்ந்தவனுக்கு மாரக்காள்தான் மோர் கொடுத்தாள். அவள் சுபாவம் அப்படி.

மாயாவி தொலைந்தான், ஆனாலும் போட்ட கட்டு போட்டதுதான். மிச்சப் படியை யார் ஏறுவது? ராஜாதான் ஏறினார். நாலாவது வாரம் முள் தானாகவே அசைந்தது.

சித்திரைப் பௌர்ணமி காலை. பாக்கி நாலு படி. நேத்தைக்கு மேல நாலு படி என்று ஊரே சேர்ந்து சொல்ல, ராஜா ஏறினார். அவர் ஒன்றும் கம்பாக இளைத்துவிடவில்லை. தொந்தி கொஞ்சம் இருந்தது. இரண்டேகால் மூட்டை இருப்பார். ஆனால் மூச்சு வாங்கவில்லை.

மகளின் நீட்டிய கையைத் தொட்டார். கல் சில்லென்று இருந்தது. ஒன்றும் நடக்கவில்லை. அரசி வாயைப் பொத்திக்கொண்டாள். ராஜா கையை எடுக்கவில்லை. அவசரப்படவும் இல்லை. ஒரு வருடம் நடந்து வந்தவருக்கு இன்னும் கொஞ்ச நேரம் நிற்பதா கஷ்டம்? மெல்ல மெல்ல அந்த விரல்களில் சூடு ஏறியது. கறுப்பு போய்ச் சிவப்பு வந்தது. ஒரு வருடத்துக்கு முன்னால் நின்றுபோன சிரிப்பு முழுதாகச் சிரித்து முடிந்தது.

நன்முல்லை சுற்றிலும் பார்த்தாள். "அப்பா, இது எந்த இடம்? எனக்குப் பசிக்குது" என்றாள்.

இதைக் கேட்கத்தானே நடுத்தெரு ஒரு வருடம் காத்திருந்தது. அறுபது வீட்டு மூட்டையும் அவிழ்ந்தது. சுண்டல், கொழுக்கட்டை, பனங்கிழங்கு, எள்ளுருண்டை என்று பிள்ளையைச் சுற்றிக் கடைபரப்பிவிட்டார்கள். அவள் இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு சாப்பிட, ராஜா ஒரு கல்லில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அழுதாரா என்றால், ஆமாம், நன்றாகவே அழுதார்.

அரசி வடிவாம்பாள் ஒரு இலையில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு வருடமாகத் தட்டு வைத்தாளே தவிர வாய் திறக்காத அரசி, இலையை அவர் மடியில் வைத்தாள்.

"காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடலையே நீங்க" என்றாள். "சாப்பிடுங்க. நான் பக்கத்துலயே இருக்கேன்."

ராஜாவும் ராணியும் ஒரே இலையில் சாப்பிட்டார்கள். மகள் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டாள். அவர்கள் சிரித்தபடி படி இறங்கி வீடு சேர்ந்தார்கள். கதையும் அவர்களோடு இறங்கிவிட்டது. ரொம்ப நேரம் உட்கார்ந்தே கேட்டுவிட்டீர்கள், எழுந்து நாலு எட்டு நடந்துவிட்டு வாருங்கள்.