நூறு, தொண்ணூற்றாறு, ஐம்பத்திரண்டு

கணக்கு வருகிறவர்கள் கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்காருங்கள். பயத்தில் கணக்கையே மறந்துபோன ஒருத்தியின் கதை இது. நீங்களாவது நிதானமாகக் கேளுங்கள்.

ஜெசிந்தாவுக்கு மறுநாள் காலை பத்து மணிக்குத் தேர்வு. இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில் எழுத்தர் வேலை. வீட்டில் உட்கார்ந்தே, போன் இணைய இணைப்பில், மடிக்கணினியில் எழுத வேண்டும். கேமரா பார்த்துக்கொண்டே இருக்கும். தேர்வு நடக்கும் இரண்டு மணி நேரத்தில் கணினி ஒரு தடவை அணைந்தாலும் விண்ணப்பம் ரத்து. கணவன் இறந்து பதினான்கு மாதம் ஆகிறது, பிள்ளைகள் இரண்டு. அடுத்த மாதம் அவளுக்கு நாற்பது முடிகிறது. அதற்குப் பிறகு விண்ணப்பிக்கவே முடியாது. இதை விட்டால் வேறு கதியில்லை.

மாதாந்திரப் பராமரிப்புக்கும் அந்த நாள்தானா கிடைத்தது? சனிக்கிழமை காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை கரண்ட் இருக்காது என்று வெள்ளிக்கிழமைப் பேப்பரில் போட்டிருந்தது. அவளுடைய மடிக்கணினியோ ஒயரைப் பிடுங்கினால் அந்த நொடியே அணைந்துவிடும். அதைத் தூக்கிக்கொண்டு, ஷேர் ஆட்டோ ஓட்டும் கொழுந்தன் ரெக்ஸோடு, பழைய கணினிச் சாமான் விற்கும் சதக்கத்துல்லா பாயின் கடைக்கு ஓடினாள்.

அந்த மாடலுக்கு மூன்று பழைய பேட்டரிகள் இருந்தன. அவள் கையிலிருந்த பணம் ஒன்றுக்குத்தான் காணும். மணி அப்போது பதினொன்று நாற்பது.

"பன்னெண்டேகாலுக்கு ஷட்டர இறக்கிருவேன் தங்கச்சி. ஜும்மா தொழுகை. அப்படியே ஒரு கல்யாணத்துக்கும் போறேன், இனி நாளைக்குத்தான் கடை."

பேட்டரிக்குப் பத்து நிமிடம் என்று வைத்துக்கொண்டார்கள். கேமராவை ஓடவிட்டு, ஒயரை எடுத்துவிட்டு, ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தார்கள்.

முதல் பேட்டரி கீறலே இல்லாமல் பளபளவென்று இருந்தது. திரையில் நூறு. பத்து நிமிடம் கழித்தும் அதே நூறு. "மாதாவே!" என்று ஜெசிந்தா சிலுவை போட்டுக்கொண்டாள்.

இரண்டாவது, தேதிப்படி இரண்டே வருடப் பழசு. தொண்ணூற்றாறில் தொடங்கி எண்பத்து நான்கில் நின்றது.

மூன்றாவது ஐந்து வருடப் பழசு, மூலையெல்லாம் தேய்ந்திருந்தது. சுத்தமாகக் காலியாகக் கிடந்ததைப் பாய் அன்று காலையில்தான் சார்ஜில் போட்டிருந்தார். நன்றாக ஏறிக்கொண்டிருந்ததை இவர்களுக்காகப் பாதியில் எடுத்தார். ஐம்பத்திரண்டில் தொடங்கி நாற்பத்தேழுக்கு வந்தது.

பாய் ஷட்டர் கம்பியை எடுத்துவிட்டார். ஜெசிந்தா முதல் பேட்டரியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "ஒரு புள்ளிகூட இறங்கல பாய், இதுவே போதும்."

"ரெண்டாவத எடு தங்கச்சி," என்றார் பாய். "நான் தேதியப் பாத்துத்தான் விப்பேன். இளசு கைவிடாது."

"மைனி, அந்த மூணாவத எடுங்க," என்றான் ரெக்ஸ்.

அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "பாதிகூட நிக்காததையா? நான் நாசமாப் போகணுமா உனக்கு?"

ஷட்டர் இறங்கத் தொடங்கிவிட்டது. இனிச் சோதிக்க நேரமில்லை. கேட்பவர்களே, இந்த மூவரில் யார் சொன்னது சரி?

விடை: ரெக்ஸ் சொன்னதுதான். ஓடுகிற கணினி மின்சாரத்தைக் குடிக்காமல் இருக்காது. பத்து நிமிடமாகியும் எண் அசையவில்லை என்றால் அந்த எண்ணே பொய். நூறு காட்டிக்கொண்டே திடீரென்று செத்துவிடும். இரண்டாவது பத்து நிமிடத்தில் பன்னிரண்டு இறங்கியது. முழுதாக ஏற்றினாலும் ஒன்றரை மணி நேரம் தாங்காது. மூன்றாவது இறங்கியது ஐந்துதான். காலை ஒன்பது வரை கரண்ட் இருக்கிறது, அதற்குள் நிரம்பிவிடும். நிரம்பினால் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும். ஷட்டர் முக்கால்வாசி இறங்கியபோதுதான் ஜெசிந்தாவுக்கு இது உறைத்தது. குனிந்து உள்ளே கையை நீட்டிப் பேட்டரியை மாற்றி வாங்கினாள். மறுநாள் பன்னிரண்டு மணிக்கு விசிறி ஓடாத அறையிலிருந்து வியர்த்து வழிய வெளியே வந்தவளிடம், "இடையில அணைஞ்சிட்டா மைனி?" என்று ரெக்ஸ் பயந்துகொண்டே கேட்டான். "கடைசிக் கேள்வி வரைக்கும் எழுதிட்டேன்டே," என்று சொல்லி முடிப்பதற்குள் அவள் விம்மி அழத் தொடங்கிவிட்டாள்.