சேம்பு அரிக்கத் தொடங்கிய நாள்

செடி கொடிகளுக்கும் வாய் இருந்த அந்தக் காலத்தில், மலையடிவாரத்தில் சடைச்சி என்று ஒருத்தி இருந்தாள். புருஷன் பெயர் ஒச்சப்பன். ஒரே ஒரு பெண் குழந்தை.

வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம் சும்மா கிடந்தது. பலாமர நிழலில் அங்கே வெயிலே விழாது. பாத்திரம் கழுவிய தண்ணீர் தேங்கி எப்போதும் சொதசொதவென்று இருக்கும். அங்கே ஏதாவது நட வேண்டும் என்று சடைச்சிக்கு ஆசை.

முன்முற்றத்துக் கத்தரியிடம் கேட்டாள்.

"அந்த ஈரத்துல என் வேர் அழுகிரும் தாயி" என்றது கத்தரி. வெண்டையோ, "வெயில் இல்லாத இடத்துல நான் காய்க்கவே மாட்டேன்" என்று சொல்லிவிட்டது.

ஓடைக்கரையில் சேம்பு தன் குட்டிக் கிழங்குகளோடு இருந்தது. அது உடனே சம்மதித்தது.

"எனக்கு நிழல்தான் பிடிக்கும். இலையைப் பறிச்சுக்க. வளர்ந்த பிள்ளைகளையும் எடுத்துக்க. என்னையும் சின்னதுகளையும் மட்டும் மண்ணுல விட்டுரு."

"என் பிள்ளை மேல ஆணையா தொடமாட்டேன்" என்று சொல்லி, சடைச்சி அதைப் பிள்ளைகளோடு கொண்டுவந்து பின்பக்கம் நட்டாள்.

அந்த வருஷம் ஐப்பசியில் பிடித்த மழை நாற்பது நாள் விடவில்லை. முற்றத்துச் செடியெல்லாம் அழுகிப்போயின. பின்பக்கத்துச் சேம்பு மட்டும் ஆள் உயரத்துக்கு நின்றது. அப்போதெல்லாம் சேம்பு வெல்லம் மாதிரி இனிக்கும். வெறுமனே அவித்தே தின்னலாம். மூன்று பேரும் அதைத் தின்றுதான் பிழைத்தார்கள். பாத்திரம் கழுவும்போது சடைச்சி அதனிடம் தன் மனக்குறையெல்லாம் சொல்லுவாள். அதுவும் பொறுமையாகக் கேட்கும்.

மழை விட்டது. முற்றத்தில் கத்தரி மறுபடியும் காய்த்தது. தை மாதத்தில் ஒச்சப்பனின் அக்கா, வசதியான இடத்தில் வாழ்க்கைப்பட்டவள், விருந்துக்கு வந்தாள்.

"எங்கக்காவுக்கு வெறும் கத்தரிக்காயா போடுவே? அந்தப் பெரிய கிழங்கைத் தோண்டு" என்றான் ஒச்சப்பன்.

"வாக்குக் குடுத்திருக்கேங்க."

"செடிகிட்டயா?" என்று சிரித்தான்.

அக்கா ஊர் முழுக்க என்ன பேசுவாளோ என்று சடைச்சிக்குப் பயம். அவளே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

சேம்பு அவளைத் திரும்பிப் பார்த்தது. "மறுபடியும் பசியா சடைச்சி?"

"இல்ல."

"குழந்தைக்கு ஏதாவது?"

"நல்லாத்தான் இருக்கா. விருந்தாளி வந்திருக்காங்க."

சேம்பு சொன்னது: "பசின்னு சொல்லியிருந்தா நானே மண்ணை விட்டு வந்திருப்பேன்."

சடைச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டு வெட்டினாள். தாய்க்கிழங்கோடு சின்னதுகளும் பிய்ந்து வந்தன. அத்தனையையும் அவித்தாள்.

முதல் வாயிலேயே அக்கா தொண்டையைப் பிடித்துக்கொண்டாள். ஊசி ஊசியாகக் குத்தியது. ஒச்சப்பனுக்கு நாக்கு தடித்துப் பேச்சு வரவில்லை. "என்னைக் கொல்லவா கூப்பிட்டீங்க?" என்று இலையைத் தள்ளிவிட்டு எழுந்து போன அக்கா, அந்த வாசலை அப்புறம் மிதிக்கவே இல்லை.

சடைச்சி பின்பக்கம் ஓடினாள். சேற்றில் ஒரே ஒரு குட்டி தப்பி, சின்ன இலையோடு நின்றது.

"தப்புப் பண்ணிட்டேன். ஒரு வார்த்தை பேசு" என்று அழுதாள்.

அது வாயே திறக்கவில்லை. குடம் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து இலை மேல் ஊற்றினாள். இலை நனையவே இல்லை. தண்ணீர் முத்து முத்தாக உருண்டு கீழே போனது.

அன்று முதல்தான் சேம்பு, புளி விட்டு வேகவைக்காவிட்டால் தொண்டையை அரிக்கிறது. மனிதர் கையால் ஊற்றும் தண்ணீரில் ஒரு சொட்டைக்கூட அதன் இலை ஏற்பதில்லை.