தாளத்துக்கு அடியில் ஒரு புல்லாங்குழல்

ஒரு கல்லூரியில் மார்த்தாண்டம் என்று ஒரு தாளாளர் இருந்தார். திடீரென்று இசை ஆசை வந்து, கம்ப்யூட்டரிலேயே ஏழு நிமிட எலெக்ட்ரானிக் பாட்டு ஒன்றைச் செய்துவிட்டார். ஆண்டு விழாவில் போட வேண்டுமாம்.

முதலில் ஆசிரியர்களுக்கு அரங்கத்தில் போட்டுக் காட்டினார். தாளம் இடி மாதிரி இடித்தது.

"பத்துத் தடவை கேட்டுட்டேன் சார், ஒவ்வொரு சுரமும் தேன்," என்றார் முதல்வர் குணாளன். எல்லாரும் கைதட்டினார்கள். அரங்கத்தில் மைக், ஸ்பீக்கர் பார்த்துக்கொள்ளும் யாக்கூப் மட்டும் தட்டவில்லை. தாளாளர் அதைக் கவனித்துவிட்டார்.

"நீ சொல்லுய்யா. பொய்யாப் புகழ்ந்தா வேலை போயிடும். குறை சொன்னாலும் போயிடும்."

"குறையே இல்லீங்க ஐயா. நீங்க வச்ச புல்லாங்குழல் உள்ளே மூச்சு முட்டிக் கிடக்கு. கொஞ்சம் வழி விடட்டுங்களா?"

தாளாளர் தலையசைத்தார். யாக்கூப் கம்ப்யூட்டரில் தாளத்தின் சத்தத்தைப் பாதியாகக் குறைத்தான். அடியிலிருந்து குழலோசை எழுந்து அரங்கத்தை நிறைத்தது.

"அட, இதுல புல்லாங்குழல் வேற இருக்கா?" என்று வாயை விட்டார் முதல்வர்.

"பத்துத் தடவை கேட்டீங்களே சார்!" என்றான் யாக்கூப். பின்வரிசையில் சிரிப்பு வெடித்தது.

விழாவில் தாளம் குறைத்தே பாட்டைப் போட்டார்கள். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. திருத்தம் முதல்வர் சொன்னது என்று அறிவித்து, அவருக்குப் பொன்னாடை போர்த்தினார் தாளாளர்.

மறுநாள், அனுமதியின்றித் தாளாளரின் இசையில் கைவைத்ததாக யாக்கூபை நீக்கி உத்தரவு எழுதினார் முதல்வர். தாளாளர் ஹெட்போனில் அந்தக் குழலோசையைக் கேட்டபடியே கையெழுத்துப் போட்டார்.