ராசி வேட்டியின் கரை

சட்டமன்ற உறுப்பினர் தில்லைவேந்தனுக்கு ஒரு ராசி வேட்டி. தேர்தலில் ஜெயித்தது அதைக் கட்டித்தான். அதே ஆட்சியில் இரண்டு முறை கட்சி தாவியதும் அதைக் கட்டித்தான். ஒவ்வொரு தாவலுக்கும் பழைய கட்சிக் கரையைப் பிரித்துப் புதுக் கரை தைத்தே தையல்காரர் சேவுகனுக்குக் கை சலித்துப் போனது.

மூன்றாவது தாவலுக்கும் வேட்டி வந்தது. "மந்திரி பதவி பேசியாச்சு. பழைய தடமே தெரியக்கூடாது, சேவுகா!"

"துணியே சல்லடையா இருக்கே, ஐயா!"

"தைக்கத் தெரியலைன்னா கடையை மூடு!"

மறுநாள் மேடையில் சால்வை போட்டுப் புதுக் கட்சித் தலைவர் கட்டித் தழுவியதும், கரை கழன்று தொங்கியது.

"எவன்யா தைச்சது?" என்றார் தலைவர்.

லாரியில் ஏற்றிவந்த கூட்டத்திலிருந்து சேவுகன் எழுந்தார். "நான்தாங்க. அடுத்த தடவை பிரிக்கச் சுலபமா இருக்கட்டும்னு லேசா நூல் ஓட்டிவிட்டேன்."

தலைவர், போட்ட சால்வையை மெல்ல உருவிக்கொண்டார்.