இரண்டே சொல் சீனம்

சங்குத்துறை அரசன் வீரகண்டனுக்கு முன்கோபம் ஜாஸ்தி. அன்றைக்கு அந்தக் கோபம் லாம் என்ற சீன வியாபாரியின் தலையில் விடிந்தது. காண்டனிலிருந்து கப்பலேறி, மகாராணிக்கென்று பச்சைக்கல் வளையல்கள் கொண்டுவந்தவன், பாவம். மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷி குணவீரப்பர் கேட்ட லஞ்சத்தை மட்டும் அவன் கொடுக்கவில்லை.

"கல் அசல்தானா என்று கேளும்" என்றான் அரசன்.

துபாஷி கேட்டார். லாம் மார்பில் தட்டி ஏதோ சொன்னான்.

"எல்லாம் கண்ணாடிதான், மன்னித்துவிடுங்கள் என்கிறான், பிரபு!"

போலி விற்றால் கப்பல் பறிமுதல். அதுதான் அந்த ஊர்ச் சட்டம். அரசவை விதூஷகன் நல்லடியானுக்கு மனசு கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்கிறவன் இப்படியா மார்தட்டுவான்?

"மகாராஜா, துபாஷி சொல்வதில் எனக்குச் சந்தேகம்."

"உமக்கு அவன் பாஷை தெரியுமா?"

"ஒரு எழுத்துகூடத் தெரியாது."

"அப்படியானால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் கற்றுக்கொள்ளும்! இல்லையென்றால் நாட்டைவிட்டே நடையைக் கட்டும்!"

குணவீரப்பர் வாயைப் பொத்திச் சிரித்தார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோமே என்று நல்லடியான் தலையைச் சொறிந்தான். சட்டென்று ஒரு யோசனை உதித்தது.

"சாப்பாட்டுக்கு நிறைய நேரமிருக்கிறதே! தாங்களும் கூடவே கற்றுக்கொள்ளுங்கள், அரசே" என்று சொல்லி, நிஜ மாம்பழம் ஒன்றையும் அலங்காரத் தட்டிலிருந்த மண் மாம்பழம் ஒன்றையும் எடுத்துவரச் செய்தான்.

நிஜப் பழத்தைக் கடித்தான். சாறு முழங்கைவரை வழிந்தது. லாமைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான்.

"ஜன்" என்றான் லாம்.

மண் பழத்தைக் கடித்தான். "ஐயோ, என் பல்லு!"

லாம் விழுந்து விழுந்து சிரித்தான். "கா!"

அடுத்து ரோஜாப்பூ. ஜன். காகித ரோஜா. கா. கூண்டுக்கிளி, ஜன். மரக்கிளி, கா.

"அட! ஜன் என்றால் நிஜம், கா என்றால் போலி! இவ்வளவுதானா?" அரசன் உற்சாகம் தாங்காமல் சிம்மாசனத்திலிருந்து குதித்திறங்கி, வளையலை எடுத்து லாமின் முகத்துக்கு நேரே நீட்டினான்.

லாம் மறுபடி மார்தட்டினான். "ஜன்! ஜன்!"

குணவீரப்பர் முகத்தில் ஈயாடவில்லை.

"நிஜம் என்றல்லவா சொல்கிறான்!" என்று அரசன் உறுமினான்.

"எந்த வியாபாரியும் தன் சரக்கை அப்படித்தான் சொல்வான், அரசே. கல் அசலா என்பதை நகை ஆசாரி பார்த்துச் சொல்லட்டும். மொழிபெயர்ப்பு அசலா என்பது இப்போதே தெரிந்துபோயிற்று" என்றான் நல்லடியான்.

ஆசாரி வந்து பார்த்தார். அசலேதான்.

துபாஷி நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். "ஏதோ தெரியாமல் செய்துவிட்டேன், பிரபு! பிள்ளைகுட்டிக்காரன்! என் கண்ணீரைப் பாருங்கள்!" என்று ஓவென்று அழுதார்.

அரசன் மனம் இளகுவதுபோல் தெரிந்தது. அதற்குள் லாம் குனிந்தான். துபாஷியின் கன்னத்தை விரலால் தொட்டுப் பார்த்தான். காய்ந்து கிடந்தது. அரசனை நிமிர்ந்து பார்த்துச் சொன்னான்:

"கா!"

அரசன் வயிறு குலுங்கச் சிரித்தான். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி நல்லடியானுக்குப் போட்டான்.

"இந்தக் 'கா'வை எனக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டாம்!"